சும்மா இருப்பதற்கு ஓர் அட்டவணை

2022 செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனப் பொறியாளர் கே. பிரதீக் நாயக், லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு விசித்திரமான வரியைச் சுட்டிக்காட்டினார். ஜென் 3 ப்ராசஸர் பொருத்திய நவீன சர்வர்களில் சில வேலைகள் ஓட வேண்டிய வேகத்தில் ஓடவில்லை. நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தால், கணிசமான பகுதி அந்த ஒற்றை வரியில் போய்க்கொண்டிருந்தது. அந்த வரி செய்கிற வேலை இவ்வளவுதான்: மதர்போர்டில் உள்ள ஒரு டைமரைப் படிக்கும். படித்த எண்ணை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். இந்த இடத்தில் உபயோகமில்லாத எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று அதற்கு மேலே ஒரு குறிப்பும் இருந்தது.

குறிப்பு பொய் சொல்லவில்லை. 2002 வாக்கில் புழங்கிய சில சிப்செட்களில் ஒரு கோளாறு உண்டு. ப்ராசஸர் "நான் தூங்கப் போறேன்" என்று சொன்னதும், அதை நிறுத்தி வைக்க வேண்டிய சிப்செட் கொஞ்சம் தாமதமாக எழுந்து வரும். அந்த இடைவெளியில் ப்ராசஸர் தூங்காமல் அடுத்தடுத்த கட்டளைகளைச் செய்யத் தொடங்கிவிடும். அதனால் அந்தச் சில கணங்கள் அதன் கையில் ஒரு வெட்டி வேலையைத் திணித்தார்கள். தூக்கம் வரும்வரை கூரையை எண்ணிக்கொண்டிருப்பதுபோல.

கோளாறான சிப்செட்கள் காயலான் கடைக்குப் போய் வெகுகாலமாகிறது. வரி மட்டும் இருபது வருடம் அங்கேயே இருந்தது. புதிய கணினிகளில் அந்த வெட்டி வேலை ஆயிரக்கணக்கான சைக்கிள்களைத் தின்றது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. கூரையை எண்ணிய நேரமும் தூங்கிய நேரமாகவே கணக்கில் ஏறியது. "பரவாயில்லையே, நல்லாத் தூங்குது" என்று நினைத்த கெர்னல், அடுத்தமுறை இன்னும் ஆழமாகத் தூங்கச் சொன்னது. ஆழமாகத் தூங்கினால் எழுவதற்கு நேரமாகும். அடிக்கடி தூங்கி அடிக்கடி எழ வேண்டிய வேலைகள் இந்தச் சுழலில் சிக்கித் தவித்தன.

இதைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கொஞ்சம் பயமும் வந்தது. நான் எழுதிய நிரல்களிலும் "இதைத் தொடாதே" என்று குறிப்பெழுதி விட்டுவந்த வரிகள் இருக்கின்றன. ஒரு இயந்திரத்துக்குச் சும்மா இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவே இவ்வளவு பாடா? அதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

*

ப்ராசஸர் சும்மா இருக்கும் நேரம் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கும்போதும், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் உங்கள் போனின் ப்ராசஸர் பலமுறை தூங்கி எழுந்திருக்கும். இந்தக் குட்டித் தூக்கங்கள் இல்லையென்றால் பேட்டரி மதியம்வரைகூடத் தாங்காது.

ஆனால் தூக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. டிபன் கடை தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் மாஸ்டர் அடுப்பைச் சிம்மில் வைப்பார், அணைக்க மாட்டார். மதியம் மூன்று மணிக்குக் கடை காற்றாடும்போது அணைத்துவிடுவார். அணைத்த கல்லை மறுபடி சூடேற்ற நேரமும் ஆகும், கேஸும் செலவாகும். ஆகவே மாஸ்டருக்கு இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும். கல் மறுபடி காய எவ்வளவு நேரம்? குறைந்தது எவ்வளவு நேரம் ஆள் வராமலிருந்தால் அணைப்பது லாபம்?

ப்ராசஸருக்கும் இதே கணக்குதான். லேசான தூக்கத்தில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். ஆழ்ந்த தூக்கத்தில் கேஷ் நினைவகத்தைக் காலி செய்துவிட்டு அந்தக் கோருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடலாம். ஒவ்வொரு ஆழத்துக்கும் அந்த இரண்டு எண்கள் உண்டு. மாஸ்டர் தன் கல்லைப் பார்த்துப் பழகியவர். கெர்னல் அப்படியல்ல, அது எந்தக் கணினியில் ஓடப்போகிறது என்பது அதை எழுதியவருக்கே தெரியாது. அந்த எண்களை வேறு யாராவதுதான் அதற்குச் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது, சொல்வதை எவ்வளவு நம்புவது என்பதைச் சுற்றித்தான் இந்த வரலாறு முப்பது வருடமாக நடக்கிறது.

*

1978இல் வந்த 8086 ப்ராசஸரிலேயே ஹால்ட் என்ற கட்டளை இருந்தது. இன்டரப்ட் வரும்வரை நில் என்று அதற்கு அர்த்தம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்ததல்ல அது. விண்டோஸ் 95 அதைப் பயன்படுத்தவே இல்லை. வேலை இல்லாதபோதும் ப்ராசஸர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூங்கவைக்க வேறு ஆட்கள் எழுதிய குட்டி மென்பொருள்களைத் தேடி நிறுவிக்கொண்டார்கள். லினக்ஸ் ஹால்ட்டைப் பயன்படுத்தியது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 486 வகைச் சில சிப்கள் ஹால்ட் போட்டுத் தூங்கினால் ஒழுங்காக எழுந்திருக்காது. அவற்றுக்காகத் தூக்கத்தையே தடைசெய்யும் ஒரு விருப்பத்தேர்வு கெர்னலில் இருந்தது.

லேப்டாப் பரவத் தொடங்கியதும் மின்சாரம் கவலையானது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. இதில் அதிகாரம் பெரும்பாலும் பயாஸின் கையில். கணினியில் என்ன ஓடுகிறது என்று பயாஸுக்குத் தெரியாது. அது பார்ப்பதெல்லாம் சாதனங்களில் அசைவு இருக்கிறதா என்பதை மட்டும்தான். வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று தெரியாத ப்யூன், மணியாகிவிட்டதென்று ஃபேனை அணைப்பது மாதிரி.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விவரக்குறிப்பை வெளியிட்டன. இதன் அடிப்படை எண்ணம் நல்ல எண்ணம். முடிவை இயங்குதளம் எடுக்கட்டும், பயாஸ் தனக்குத் தெரிந்த தகவலை ஓர் அட்டவணையாகக் கொடுத்தால் போதும். தூக்க நிலைகளுக்குப் பெயர்களும் வந்தன. சி0 என்றால் விழிப்பு. சி1, சி2, சி3 என்று ஆழம் கூடிக்கொண்டே போகும்.

அந்த முதல் அட்டவணையில் சி2, சி3 நிலைகளிலிருந்து எழ எத்தனை மைக்ரோசெகண்ட் ஆகும் என்று எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. சி2 கட்டத்தில் 100ஐ விடப் பெரிய எண் இருந்தால் அந்த நிலையே கிடையாது என்று பொருள். சி3க்கு எல்லை 1000. "இல்லை" என்று சொல்லத் தனிச் சொல் கிடையாது, பெரிய எண்ணை எழுதிவைத்தால் புரிந்துகொள்ள வேண்டும். 2000இல் வந்த இரண்டாம் பதிப்பு கொஞ்சம் தாராளமானது. எத்தனை நிலைகள் வேண்டுமானாலும் பட்டியலிடலாம். எப்படி நுழைவது, என்ன வகை, எழ எவ்வளவு நேரம், எவ்வளவு மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு தகவல்கள்.

தோசை மாஸ்டரின் இரண்டாவது எண் இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு நேரம் தூங்கினால் லாபம் என்று பயாஸ் சொல்லவில்லை. லினக்ஸின் ஏசிபிஐ பகுதி அதை ஊகித்துக்கொள்கிறது: எழ ஆகும் நேரத்தை 2ஆல் பெருக்கு. அவ்வளவுதான்.

*

அட்டவணை எழுதுகிறவர் கையில் ஒரு அதிகாரம் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஏசிபிஐ நீட்டிப்புகளை ஏதோ ஒரு விதத்தில் விண்டோஸுக்கு மட்டுமானவையாக ஆக்க முடியாதா என்பது அதன் சாரம். கூட்டாளிகளோடு சேர்ந்து நாம் உழைக்க, பலன் லினக்ஸுக்கும் போகிறதே என்ற ஆதங்கம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக நடந்த வழக்கில் இந்த மின்னஞ்சல் வெளியே வந்தது. விவரக்குறிப்பு திறந்ததாகவேதான் தொடர்ந்தது.

திறந்திருந்தாலும் நடைமுறை வேறு மாதிரி இருந்தது. ஏசிபிஐயில் பயாஸ் எழுதுகிறவர்கள் இயங்குதளத்திடம் "நீ யாரு?" என்று கேட்க ஒரு வழி உண்டு. லேப்டாப் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸை வைத்துத்தான் சோதித்தார்கள். விண்டோஸ் இல்லை என்றால் பயாஸ் நுழைகிற பாதை யாரும் நடந்து பார்க்காத பாதை. அதனால் லினக்ஸ் ஒரு முடிவெடுத்தது.

"நீ விண்டோஸா?"

"ஆமா."

"போன வருஷம் வந்த விண்டோஸா?"

"ஆமா, அதுவும் நான்தான்."

"லினக்ஸா?"

"இல்ல."

2007இல் இருந்து லினக்ஸ் கெர்னல், தன் சொந்தப் பெயரைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்கிறது. பயாஸ் எழுதுகிறவர்கள் லினக்ஸுக்கென்று தனிப்பாதை போட்டால் அதில் பிழைகள்தான் பெருகும் என்பது அனுபவம். வேலை நடக்க வேண்டுமென்றால் வேறொருவர் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிலை நமக்கொன்றும் புதிதில்லை.

இன்னொரு பக்கம், அட்டவணையில் "இந்த நிலை உண்டு" என்று இருக்கும், நுழைந்தால் கணினி செத்துப்போகும். ஐபிஎம் திங்க்பேட் ஆர்40இ என்ற மாடல் சி2 அல்லது சி3க்குப் போனால் மர்மமான முறையில் விழுந்துவிடுகிறது என்று கெர்னலிலேயே குறிப்பு உண்டு. அந்த மாடலைக் கண்டால் சி1ஐத் தாண்டக்கூடாது. பயாஸ் கொடுத்த சான்றிதழை நம்பாமல், ஊரில் விசாரித்து எழுதி வைத்த குறிப்பு அது.

*

எண்கள் சரியாக இருந்தாலும் தூங்க விட்டால்தானே? அன்றைய கெர்னல், செய்ய ஒன்றுமில்லாவிட்டாலும் ப்ராசஸரைச் சீரான இடைவெளியில் தட்டி எழுப்பும். முதலில் நொடிக்கு 100 முறை. 2.6 வரிசையில் அது 1000 ஆனது. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை "யாராவது வந்தாங்களா?" என்று உலுக்கினால் எங்கிருந்து ஆழ்ந்த தூக்கம்? 2007 ஏப்ரலில் வெளியான 2.6.21, சும்மா இருக்கும்போது இந்தத் துடிப்பை நிறுத்தக் கற்றுக்கொண்டது. அடுத்த மாதமே இன்டெல், பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. எந்த மென்பொருள் நொடிக்கு எத்தனை முறை ப்ராசஸரை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டியது. அதுவரை நல்ல பிள்ளைகளாகத் தெரிந்த பல மென்பொருள்கள் உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பவை என்று தெரியவந்தது.

அதே ஆண்டு வெங்கடேஷ் பல்லிபாடி, ஷாவ்ஹுவா லீ, ஆடம் பெலே மூவரும் சிபியுஐடில் என்ற அமைப்பை முன்வைத்தார்கள். 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்போடு அது வெளிவந்தது. என்னென்ன நிலைகள் உண்டு என்று சொல்ல ஒரு டிரைவர், எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கவர்னர். நம்மூர் நினைப்பு வேண்டாம், இந்தக் கவர்னர் வேகமாக முடிவெடுத்தாக வேண்டியவர். அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்று பார்ப்பார், இதற்கு முந்தைய தூக்கங்கள் எவ்வளவு நேரம் நீடித்தன என்று பார்ப்பார், இந்தமுறை எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணிப்பார். கணிப்புக்குப் பொருந்துகிற ஆழத்தைத் தேர்ந்தெடுப்பார்.

2010இல் இன்டெலின் லென் பிரவுன் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தார். அவர் எழுதிய இன்டெல்ஐடில் டிரைவர் பயாஸ் அட்டவணையை ஓரம்கட்டியது. ப்ராசஸர் மாடல் தெரிந்தால் போதும், எண்கள் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். நெஹலம் ப்ராசஸர் என்றால் சி1இலிருந்து எழ 3 மைக்ரோசெகண்ட், 6 தூங்கினால் லாபம். சி6 என்றால் எழ 200, குறைந்தது 800 தூங்க வேண்டும். சிப்பைச் செய்தவர்களே நேராகக் கெர்னலிடம் சொல்லிவிட்டார்கள், நடுவில் தரகர் இல்லை. ஆனால் ஒவ்வொரு புதிய மாடலுக்கும் கெர்னலைத் திருத்த வேண்டும். பழைய கெர்னலுக்குப் புதிய சிப்பைத் தெரியாது. பத்து வருடம் கழித்து, 2020இல், தெரியாத மாடல் என்றால் ஏசிபிஐ அட்டவணையைப் பார்க்கலாம் என்று அதே டிரைவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓரம்கட்டிய தரகரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

*

போன்களின் உலகமான ஆர்ம் வேறு வழியில் வந்தது. சன் நிறுவனக் கணினிகளின் ஓபன் ஃபர்ம்வேர் மரபிலிருந்து வந்த டிவைஸ் ட்ரீ அங்கே நிலைபெற்றது. வன்பொருளின் விவரங்களை மனிதர் வாசிக்கக்கூடிய உரைக்கோப்பாக எழுதி, கெர்னலிடம் கொடுப்பார்கள். 2014இல் லொரென்ஸோ பியராலிஸியின் முயற்சியில் தூக்க நிலைகளை எழுதவும் அதில் ஒரு பொது இலக்கணம் வந்தது. நுழைய எவ்வளவு நேரம், வெளியேற எவ்வளவு நேரம், குறைந்தது எவ்வளவு தங்கினால் லாபம், எல்லாமே மைக்ரோசெகண்டில். தோசை மாஸ்டரின் இரண்டாவது எண்ணுக்கும் ஒரு கட்டம் கிடைத்தது.

அதில் எனக்குப் பிடித்தது வேறொரு சின்னக் குறிப்பு. இந்த நிலைக்குப் போனால் கோரின் சொந்த டைமரும் நின்றுவிடும் என்று தெரிவிக்கிற குறிப்பு. அலாரமும் சேர்ந்தே தூங்கிவிடும், எழுப்ப வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் படு என்று அர்த்தம். கோர்கள் கூட்டமாகச் சேர்ந்து தூங்குவதையும் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் கடைசியாகப் படுக்கிறவர்தான் ஹால் லைட்டை அணைக்க முடியும். எல்லாக் கோர்களும் தூங்கினால்தான் அவை பகிரும் கேஷை அணைக்கலாம். 2015இல் ஏசிபிஐ 6.0வும் இதைச் சொல்லக் கற்றுக்கொண்டது. ஆர்முக்காக எழுதிய இலக்கணத்தை 2022இல் ரிஸ்க்-வியும் எடுத்துக்கொண்டது.

*

மறுபடி அந்த ஒற்றை வரிக்கு வருவோம். இன்டெல் ப்ராசஸர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக எம்வெயிட் என்ற வேறு கட்டளை வழியாகத் தூங்குகின்றன. அந்தப் பாதைக்கே அவை போவதில்லை, ஆகவே வரி அவற்றின் காலில் இடறவில்லை. ஏஎம்டியின் சி2 நிலை மட்டும் பழைய பாதையில் போய்வந்தது. எந்தக் கோளாறும் செய்யாத சிப்கள், வேறு யாரோ செய்த கோளாறுக்கான பரிகாரத்தை ஒவ்வொரு தூக்கத்திலும் செய்துகொண்டிருந்தன.

அட்டவணைகள் கணினிக்குக் கணினி மாறும். அதனால் பொய்யான அட்டவணையை ஒருநாள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வரி எந்த அட்டவணையிலும் இல்லை. எந்தக் கணினியைப் பற்றிய உண்மை என்று எழுதாமல், எல்லாக் கணினிக்கும் பொதுவான உண்மையாக எழுதிவைத்த தகவல் அது. எழுதியபோது சரியாகத்தான் இருந்தது. யாருக்கு என்பதுதான் விடுபட்டுப்போனது. இருபது வருடம் தங்க அது போதும்.

திருத்தத்தை இன்டெலின் டேவ் ஹேன்சன் எழுதினார். போட்டி நிறுவனத்தின் சிப்களுக்காக இன்டெல்காரர் எழுதிய திருத்தம், லினக்ஸ் 6.0 வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன் சேர்ந்தது. அவர் அந்த வரியை அழிக்கவில்லை. மேலே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: ப்ராசஸர் இன்டெல் என்றால் மட்டும் இதைச் செய்.

எங்காவது ஒரு கடையின் பில் மேசையில், 2002இல் வாங்கிய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் தூக்கத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லைபோல.