பாலவனத்தம் டூ லடாக் ரோடு டிரிப்: லே போனதும் ஏன் 2 நாள் சும்மா இருக்கணும்?

பாலவனத்தத்தில் இருந்து வண்டியை எடுத்து விருதுநகர் போனால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வந்துவிடும். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் சாலை இது. ஸ்ரீநகரில் இருந்து கார்கில் வழியாக லே சுமார் 420 கி.மீ. தூரம்.

"அருப்புக்கோட்டை வெயிலையே பார்த்தாச்சு, லடாக் பாலைவனம் என்ன செஞ்சிடும்?" என்று கிளம்புபவர்கள் உண்டு. ஆனால், அங்கே சிக்கல் வெயில் இல்லை, உயரம்.

ஹெமிஸ் தேசியப் பூங்கா எப்படி இருக்கும்?

லே நகருக்கு அருகே, சிந்து நதிக்குத் தெற்கே உள்ளது. 1981-ல் அமைக்கப்பட்டது. பனிச்சிறுத்தைகளுக்குப் பெயர் பெற்றது. இமயமலையின் மழைமறைவுப் பகுதி என்பதால் மரங்கள் குறைவு. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே ஓடை என ஜிங்சென் - ரும்பாக் நடைபாதை நீள்கிறது.

உடம்புக்கு என்ன ஆகும்?

லே கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால், காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம்ம ஊரைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம். தினமும் ஜிம்முக்குப் போகும் இளைஞர்களையும் இது விடாது.

என்ன செய்யணும்?

* ஸ்ரீநகர், கார்கிலில் இரவு தங்கிப் போனால் உடம்பு மெல்ல மெல்லப் பழகும். விமானத்தில் போனால் நேராக 3,500 மீட்டரில் இறங்க வேண்டியிருக்கும்.
* லேயில் குறைந்தது 2 நாள் ஓய்வு தேவை. மது, தூக்க மாத்திரை வேண்டாம்.
* 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.
* வியர்க்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கணும். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் வெளியேறும்.
* ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. உயரத்துக்கான மாத்திரைகளையும் அவர் சொன்னால் மட்டுமே எடுக்கணும்.

ஓடையைக் கடக்கும்போது?

மேற்கே மழை பெய்தால் திருச்சுழி குண்டாற்றில் தண்ணீர் வரும். அங்கே மழையே தேவையில்லை. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் ஓடை பெருகும். அதனால் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

எப்போது திரும்பணும்?

தலைவலி இருந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது நுரையீரலில் நீர் கோப்பதற்கோ மூளை வீக்கத்துக்கோ அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கி, மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.