ஒட்டுப்பசை விழுங்குதல்

வீட்டில் புழங்கும் பசைகளுள் ஒன்றைக் குழந்தையோ வளர்ப்பு நாயோ விழுங்கிவிட்டால், விளையும் கேடு பெரும்பாலும் அதன் விஷத்தன்மையைவிட, அது சரீரத்தினுள் எங்கே, எவ்விதம் இறுகுகிறது என்பதையே பொறுத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையாளும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட் நீரில் விரவிய குழம்பேயாதலால், சிறிதளவு உட்சென்றாலும் வயிற்றைப் புரட்டுவதோடு நின்றுவிடும்.

மரச்சாமான்களை ஒட்டும் பாலியூரித்தேன் பசையின் சுபாவமோ வேறு. அதிலுள்ள ஐசோசயனேட், ஈரம் பட்ட மாத்திரத்தில் கரியமில வாயுவை வெளியிட்டு, நுரைத்து, பல மடங்கு உப்பி இறுகும். இடுக்குகளை நிரப்புவதால் தச்சருக்கு அனுகூலமான இக்குணமே, நீரும் உஷ்ணமும் ஒருங்கே வாய்த்த இரைப்பையில் அனர்த்தமாக முடிகிறது. இனிப்புச் சுவைக்காகவோ என்னவோ, நாய்கள் குப்பியைக் கடித்துக் குதறி இதை உண்பதால், கால்நடை வைத்தியர்களே இவ்விபத்தை அதிகம் கண்டிருக்கிறார்கள். ஊடுகதிர்ப் படத்தில் அக்கட்டி, காற்றுப் பொட்டுகள் விரவிய நிழலாய், வயிறார உண்ட சோற்றைப்போலத் தோன்றி, பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். ரணசிகிச்சை செய்து எடுத்தாலோ, இரைப்பையின் வளைவுகளை அப்படியே அச்செடுத்த நுரை வார்ப்பொன்று கைக்கு வரும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்வது தகாது; மேலேறும் பசை உணவுக்குழாயிலேயே இறுகிவிடலாம்.

அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஹாரி கூவர் 1942-ல் ஆராய்ந்து, கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கிவைத்ததும், பின்னர் 1958-ல் விற்பனைக்கு வந்ததுமான சயனோஅக்ரிலேட் பசையோ, உமிழ்நீர் பட்டதுமே கட்டியாகிவிடுவதால், அநேகமாக வாயைத் தாண்டுவதில்லை. பல்லிலும் உதட்டிலும் பற்றிய துணுக்குகள் ஓரிரு நாளில் தாமே கழன்றுவிடும். பிய்த்திழுத்தால் தோல்தான் உரியும். உடைந்த துணுக்கு மூச்சுக்குழாயில் இறங்குவதே இதில் அஞ்சத்தக்கது. இதே இனத்துப் பசையை இரைப்பையின் புடைத்த ரத்தநாளங்களில் வேண்டுமென்றே செலுத்தி வைத்தியர்கள் உதிரப்போக்கை நிறுத்துவது ஒரு விசித்திரம்.

ஹெக்ஸேன், டொலுவீன் முதலிய கரைப்பான்கள் கலந்த ரப்பர் பசைகளில் அபாயம் வயிற்றிலன்று, நுரையீரலில். சிறிதளவு புரையேறினாலும் கடுமையான அழற்சி உண்டாகலாம்.

தமிழ்நாட்டில் புத்தகம் கட்டுவோரும் சுவரொட்டி ஒட்டுவோரும் காய்ச்சும் மைதாப் பசை தன்னளவில் உணவே. ஆயின் பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது மிகுந்து உட்சென்றால் நீலப்பச்சை வாந்தியும், அதனையடுத்து ரத்த அணுக்களின் சிதைவும், சிறுநீரகப் பழுதும் நேரக்கூடும்.