யாருடைய நரம்பணு? மூளைக் காய ஆய்வில் புற்றுச் செல்

காட்டாங்குளத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எஸ்.ஆர்.எம். வளாகம் இருக்கிறது. 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இடம். இன்று அங்கே மரபணுப் பொறியியல் துறையும் உண்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே தினமும் இருசக்கர வண்டியில் போய்வருகிறவர்களுக்குத் தலைக்காயம் புதிய செய்தி அல்ல. 2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதும் இதே சாலையில், தெற்கே மேல்மருவத்தூரில்தான். நோயாளியும் ஆய்வுக்கூடமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடம் இது.

ஆனால் இதுபோன்ற வளாகங்களில், நாட்டின் எந்த மூலையிலும், மூளைக் காயத்தை மூலக்கூறு அளவில் ஆராய வரும் மாணவரின் கைக்கு முதலில் கிடைப்பது நோயாளியின் திசு அல்ல. புணேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்தோ வேறு களஞ்சியத்திலிருந்தோ வந்து சேரும் செல்லைன், அதாவது ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல்வரிசை. அது பெரும்பாலும் புற்றுச் செல். புற்றுச் செல்லை நரம்பணு என்று பெயர்மாற்றி நடத்தும் மூளைக் காய ஆய்வுகள் எதை நிறுவுகின்றன, எதை நிறுவவில்லை என்பதே இங்கே கேள்வி. அவை நிறுவுவதாகச் சொல்லும் 'நரம்புப் பாதுகாப்பு' பல இடங்களில் நிறுவப்படவே இல்லை என்பது என் வாதம்.

நரம்பணுவின் பதிலாட்களில் பேர்பெற்றது எஸ்எச்-எஸ்ஒய்5ஒய். நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் கண்ட நான்கு வயதுச் சிறுமியின் எலும்பு மச்சையிலிருந்து 1970இல் எடுத்த செல்களின் வழிவந்தது. பிசி12, எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து 1976இல் வந்தது. நரம்பணுவுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுக்குப் பதிலாகப் பயன்படும் சி6, எலியின் மூளைக் கட்டி. புற்றுச் செல்லை நாடுவதன் காரணம் விளங்காததல்ல. முதிர்ந்த நரம்பணு பிரிவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக விலங்கின் மூளையைத் திறக்க வேண்டும், அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்குள் மாணவருக்கு முனைவர் பட்டக் காலமும் முடிந்துவிடும். புற்றுச் செல் அப்படியல்ல. குடுவையில் போட்டால் பெருகிக்கொண்டே இருக்கும்.

பெருகிக்கொண்டே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

தலையில் அடிபட்ட கணத்தில் கிழிவதும் நசுங்குவதும் முதல்நிலைக் காயம். அதை மருந்தால் திருப்ப முடியாது. அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் நடப்பது இரண்டாம்நிலைக் காயம். உடைந்த நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் கட்டுப்பாடின்றிக் கொட்டுகிறது. பக்கத்து நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்பைன் போன்ற நொதிகள் செல்லின் சட்டகத்தை அறுக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா வீங்கி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தி நிற்கிறது. ஏடிபி மிச்சமிருந்தால் செல் ஒழுங்காகத் தன்னை மடித்துக்கொண்டு சாகும், அதாவது அப்போப்டோசிஸ். மிச்சமில்லையென்றால் வெடித்துச் சாகும், அதாவது நெக்ரோசிஸ். அந்த ஏடிபியை 1929இல், சக ஆய்வாளர் ஃபிஸ்குடன் சேர்ந்து, கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை அவரது குழு உருவாக்கித் தர, சிறுவர்களின் ரத்தப் புற்றுநோயில் 1948இல் மருத்துவர் ஃபார்பர் பயன்படுத்தினார். மூளைக் காயத்துக்கும் புற்றுநோய்க்கும் நடுவே ஒரே மனிதரின் கைத்தடம். அதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி செல்லைனில் இருக்கிறது? எச்டி22 என்ற எலி ஹிப்போகாம்பஸ் செல்லைனைப் பாருங்கள். இது கட்டியிலிருந்து வந்ததல்ல. ஆனால் வைரஸ் மரபணு ஒன்றைப் புகுத்தி, சாகாமல் பெருகும்படி மாற்றப்பட்டது. அதற்குக் குளூட்டமேட் ஊற்றினால் சாகிறது. 'குளூட்டமேட் நச்சுத்தன்மை' என்று தலைப்பிட்ட கட்டுரைகள் இதன்மேல் நிற்கின்றன. ஆனால் அந்தச் செல்லில், அடிபட்ட மூளையில் கால்சியத்தை உள்ளே விடுகிற என்எம்டிஏ ஏற்பி வேலை செய்வதில்லை. அங்கே மில்லிமோலார் அளவில் ஊற்றப்படும் குளூட்டமேட், சிஸ்டைன் உள்ளே வரும் வாயிலை அடைக்கிறது. சிஸ்டைன் இல்லாமல் குளூட்டாத்தயோன் வற்றுகிறது. ஆக்சிஜனேற்றத் தாக்கத்தால் செல் சாகிறது. விஷம் ஒன்றே, சாவு வேறு. அப்படிப்பட்ட செல்லைப் பெரும்பாலான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் காப்பாற்றிவிடும். மஞ்சள், வல்லாரை, நெல்லி எது கொண்டுவந்தாலும் ஏறக்குறைய வெற்றிதான். சோதனை தவறவே முடியாதபடி அமைந்திருந்தால் அதற்குச் சோதனை என்ற பெயர் பொருந்தாது.

இரண்டாவது இடர் வளர்ப்பு ஊடகத்தில். வழக்கமான டிஎம்இஎம் ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அந்தச் சர்க்கரையில் நீந்தும் புற்றுச் செல் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் கிளைக்கோலிசிஸ் வழியாகவே ஏடிபி எடுத்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியா முடங்கினாலும் சமாளித்துவிடும். நரம்பணுவுக்கு அந்த மாற்றுவழி ஏறக்குறைய இல்லை. அடிபட்ட மூளையில் மைட்டோகாண்ட்ரியா விழுந்தால் நரம்பணுவும் விழும். ஆகவே இரண்டாம்நிலைக் காயத்தின் மையக் கண்ணியே குடுவையில் தளர்ந்துபோகிறது.

மூன்றாவது இடர் இவற்றைவிட ஆழமானது. செல் சாகவேண்டுமா என்று தீர்மானிக்கும் பிசிஎல்-2 குடும்பத்தை நாம் அறிந்ததே புற்றுநோயின் வழியாக. ஃபாலிக்குலார் லிம்ஃபோமாவில் இடம்மாறிய மரபணு அது. செல்லைப் பெருக்காமல் சாகவிடாமல் காக்கிறது என்று வாக்ஸ் குழு 1988இல் காட்டியது. அதைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் 2016 முதல் ரத்தப் புற்றுநோய் மருந்து. எனவே எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்லில் ஒரு தாவரச் சாறு பிசிஎல்-2 அளவை உயர்த்திச் சாவைக் குறைத்தது என்று மாணவர் எழுதினால், அந்த வரிக்கு நேர்மையான வாசிப்பு ஒன்றே: இச்சாறு ஒரு நியூரோபிளாஸ்டோமா செல்லைச் சாகவிடாமல் காத்தது. அடுத்த மேசையில் அதே சாறு வேறொரு புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று கட்டுரை தயாராகும். அளவும் நேரமும் ஊடகமும் ஒப்பிடப்படாத வரையில் இவ்விரண்டில் எதையும் நம்ப எனக்குத் துணிவில்லை.

ஒரே மூலக்கூறு இரு நோய்களிலும் நன்மை செய்யவே முடியாது என்று சொல்லவரவில்லை. பிஏஆர்பி-1 நொதி அதற்கு எதிர்ச்சான்று. டிஎன்ஏ உடைந்த இடத்துக்கு விரைந்து பழுதுபார்ப்பைத் தொடங்கிவைக்கும் நொதி அது. ரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளையில் அது அளவுமீறி இயங்கி என்ஏடி இருப்பைக் கரைத்துவிடுகிறது. அந்த நொதியில்லாத எலிகளில் பாதிப்பு குறைகிறது என்று 1997இல் காட்டப்பட்டது. பிஆர்சிஏ மரபணு பழுதான புற்றுச் செல்லிலோ, அதே நொதியைத் தடுத்தால் மற்றப் பழுதுபார்ப்பு வழியும் இல்லாமல் செல் சாகிறது. ஒலாபரிப் 2014இல் அப்படித்தான் மருந்தானது. ஒரே தடுப்பு ஓரிடத்தில் காக்கிறது, ஓரிடத்தில் கொல்கிறது. ஏன் என்று சொல்ல முடிவதால்தான் அது அறிவியல். தாவரச் சாறுக் கட்டுரைகளில் நான் தேடுவது அந்த 'ஏன்'.

ஒரு நோயில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே இடம்பெயர்த்தால் விலை உண்டு என்பதை மருத்துவமனையே காட்டியிருக்கிறது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை ஸ்டீராய்டு வேகமாக வடிக்கிறது என்பது 1960களின் தொடக்கத்தில் தெரிந்தது. வீக்கம் வீக்கம்தானே என்று தலைக்காயத்துக்கும் அதைக் கொடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் ஓடியது. 10,008 நோயாளிகளைக் கொண்ட கிராஷ் ஆய்வு 2004இல் முடிவைச் சொன்னது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9. கட்டியின் வீக்கம் பெரும்பாலும் கசியும் ரத்தக்குழாயால். காயத்தின் வீக்கத்தில் செல்லே ஊதுவதற்கும் பெரும்பங்கு உண்டு.

இதற்கு மறுப்பு ஒன்று வரும். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் கிளைவிட்டு நரம்பணு போல முதிர்கிறதே? முதிர்கிறது. சிறுவரின் நியூரோபிளாஸ்டோமாவுக்கு அதே வகை மருந்தைச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். முதிர்வித்த செல் பச்சைச் செல்லைவிட மேல்; ஆனாலும் அது புற்றுச் செல்லின் வழிவந்ததே. செல்லை விட்டு எலிக்கே போகலாமா என்றால், அதுவும் தீர்வல்ல. மூளைக் காயத்துக்கு எலியில் வெற்றிபெற்ற புரோஜெஸ்டிரோன் 2014இல் வெளியான இரு பெரிய மருத்துவச் சோதனைகளில் தோற்றதையும் பார்த்தோம்; ஆகவே எலிக்கு மாறினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. செல்லைன் முதல் சல்லடையாக இருக்கட்டும். முடிவுரை எழுதும் இடமாக அது இருக்கக் கூடாது.

வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்காய அறுவைசிகிச்சையில் நசுங்கிய மூளைத் திசுவை உறிஞ்சி அகற்றுகிறார்கள். பெரும்பாலும் அது கழிவோடு போகிறது. நோயாளி நினைவிழந்திருந்தால் சட்டப்படி உரிய உறவினரின் ஒப்புதலோடு அதைச் சேமிக்க ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இடம் தருகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை வங்கி இறந்தவர்களின் திசுவைப் பல ஆண்டுகளாகக் காத்துவருகிறது. மூளைக் காயத்தை மதிப்பிட ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரு புரதங்களை ரத்தத்தில் அளக்கும் சோதனைக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்துவிட்டது. செல்லைனில் கண்டதை நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு தொடக்கம். ஜி.எஸ்.டி. சாலையோர வளாகங்களின் நெறிமுறைக் குழுக்களும் ஆய்வு வழிகாட்டிகளும் ஒன்று செய்யலாம்: மூளைக் காயம் என்று தலைப்பிடும் ஒவ்வொரு ஆய்வேட்டிலும் குறைந்தது ஒரு அளவீடாவது அறுவை அரங்கிலிருந்தோ அவசரப் பிரிவிலிருந்தோ வரவேண்டும் என்று கேளுங்கள், வரவில்லையென்றால் தலைப்பில் 'நியூரோபிளாஸ்டோமா செல்லில்' என்று எழுதச் சொல்லுங்கள்.