வரைபடத்தில் ஒரு நாய்

நாடுகளையெல்லாம் இளைஞர்களாக்கிக் கேலி பேசும் ஜப்பானிய அனிமே 'ஹெட்டாலியா'வைப் பேரன் காட்டினான். பழைய விளையாட்டுதான் இது.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்ட சமயம், பால் அதோல் என்ற பிரெஞ்சு ஓவியர் ஐரோப்பா வரைபடத்தையே கேலிச்சித்திரமாக்கினார். பிரஷ்யா தடித்த மனிதர்; ஒரு கை ஹாலந்தின்மேல், முழங்கால் ஆஸ்திரியாவின்மேல். இங்கிலாந்து ஒரு கிழவி. அவள் கையில் பிடித்த கயிற்றில் நாயாக அயர்லாந்து. பிரான்ஸ் மட்டும் வீரன்! 1871 ஜனவரியில் பாரிஸே சரணடைந்தது.

பிரெஞ்சில் படித்தவனாகையால் அதன் கேலி வரிகளைப் பேரனுக்கு வாசித்துச் சொன்னேன். "நாயாக வரையப்பட்டவர்கள் சிரித்திருப்பார்களா தாத்தா?" என்றான்.

35 ஆண்டுகள் ஜப்பானின் பிடியில் இருந்தது கொரியா. 2009-இல் ஹெட்டாலியாவுக்குத் தென்கொரியாவில் எதிர்ப்பு எழுந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு கைவிடப்பட்டு, இணையத்தில் மட்டும் வந்தது. அவனுக்கு அதைத்தான் பதிலாகச் சொன்னேன்.