ஏற்காடு

சேலத்துக்கு வடகிழக்கே, சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஊரின் பெயரை ஏரி + காடு என்று பிரிப்பதே வழக்கம். மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஊரின் நடுவே ஏரி இருப்பதால் இந்தப் பிரிப்பை எவரும் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆனால் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. வேல் + காடு 'வேற்காடு' ஆவது இலக்கண விதி. சென்னையை அடுத்த திருவேற்காடு அதற்குச் சான்று. ஏரியோடு காடு சேர்ந்தால் விதிப்படி 'ஏரிக்காடு' என்றுதான் வரவேண்டும். பேச்சில் இகரம் தேய்ந்து 'ஏர்க்காடு' ஆகி, ஒலி நெருக்கத்தால் எழுத்தில் றகரம் ஏறியிருக்கலாம். இதுவே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

'காடு' என முடியும் பழைய ஊர்ப்பெயர்கள் பலவற்றில் முன்னே நிற்பது மரம். திருவாலங்காட்டில் ஆல், திருவேற்காட்டில் வேல். இங்கே அந்த இடத்தைப் பிடித்திருப்பது நீர்.

பேச்சில் சொல்முதல் ஏகாரம் 'யே' என ஒலிப்பதால், ஆங்கிலேயர் 'யெர்காட்' என்று எழுதினார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைப் பயிரிட்டார். தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. சேர்வராயன் மலையும் ஆங்கிலேயர் ஏடுகளில் 'ஷெவராய்' ஆனது. அந்தத் திரிபைத் தமிழிலும் 'ஷெவராய் மலை' என்று எழுதுவோர் இருக்கிறார்கள், அது தேவையில்லை. சேர்வராயன் என்பது மலையாளிப் பழங்குடி மக்கள் வணங்கும் தெய்வத்தின் பெயர். அவருக்கு உச்சியில் குகைக் கோயில் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே திருவிழா நடக்கிறது.