நிலவறையில் தொடங்கிய கல்விக்கூடம்

ஒரு சமுதாயம் எவ்வாறு எழுந்தது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் தலைவர்களின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கின்றனர். அத்தலைவர்கள் சிறுவர்களாய் இருந்தபோது எந்தப் பள்ளியில் பயின்றனர், அங்கே அவர்களுக்கு எவை கற்பிக்கப்பட்டன என்பவற்றை அவ்வளவாகக் கருதுவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அப்போராட்டத்திற்கு வழக்கறிஞர்களையும் அறிஞர்களையும் ஈன்றளித்த ஓர் அரசுப் பள்ளியைப் பற்றியும் நாம் அறிந்து கொள்வது நலம். வாஷிங்டன் நகரின் டன்பார் உயர்நிலைப்பள்ளியே அது.

தோற்றம்

அமெரிக்கத் தலைநகரில் அடிமை முறை 1862ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. அதுவரை தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்தது. தளை அறுந்து எட்டே ஆண்டுகளில், 1870இல், வாஷிங்டனின் பதினைந்தாம் தெருவிலிருந்த பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் நிலவறையில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. ‘கறுப்பின இளைஞர்க்கான ஆயத்த உயர்நிலைப்பள்ளி’ என்பது அதன் பெயர். அந்நாட்டில் கறுப்பின மாணவர்க்கென அமைந்த முதல் அரசு உயர்நிலைப்பள்ளி அதுவே.

அதன் தொடக்கக் காலத் தலைமையாசிரியர்கள் யார் என்று பார்த்தால் நமக்கு வியப்பே மேலிடுகிறது. 1862இல் ஓபர்லின் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி எனப் பெயர் பெற்ற மேரி ஜேன் பேட்டர்சன் அம்மையார் அவர்களுள் ஒருவர். ஹார்வர்டு கல்லூரியில் 1870இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்டு கிரீனர் மற்றொருவர். கட்டடம் இல்லாத பள்ளிக்கு, நாட்டிலேயே கிடைத்தற்கரிய ஆசிரியர்கள் வாய்த்தனர். 1877இல் முதல் மாணவர் குழு தேறி வெளிவந்தது. 1891இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதனால் எம் தெரு உயர்நிலைப்பள்ளி என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1916இல் புதுக் கட்டடத்திற்கு மாறியபோது, பத்தாண்டுகளுக்கு முன் 33 வயதிலேயே மறைந்த கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயர் சூட்டப்பெற்றது. அடிமைகளாய் இருந்தவர்களின் மகன் அவர்.

எதைக் கற்பிப்பது?

இப்பள்ளியின் பாடத்திட்டத்தில் தலைமை பெற்றிருந்தது இலத்தீன் மொழி. அதனோடு கிரேக்கம், பிரெஞ்சு, கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் ஆகியன பயிற்றப்பட்டன. அடிமைத்தளையிலிருந்து மீண்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இலத்தீன் எதற்கு என்று அந்நாளில் கேட்டவர் பலர். அதற்கான விடை எளியது. நாட்டின் முதன்மையான கல்லூரிகள் அன்று இலத்தீன் அறியாதவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே இலத்தீனைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டால், பிள்ளையின் நிறத்தைக் காரணம் காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் அக்கல்லூரிகளின் வாயில் அடைபட்டுவிடும்.

இவ்வினா அக்காலத்தில் கறுப்பின மக்களிடையே பெரும் விவாதமாகவே வளர்ந்திருந்தது. கைத்தொழிற் கல்வியே முதலில் வேண்டுவது என்று டஸ்கீகியில் நிறுவனம் கண்ட புக்கர் வாஷிங்டன் வாதிட்டார். உயர்கல்வி பெற்ற தலைவர்கள் தோன்றாமல் எந்தச் சமுதாயமும் உயராது என்று டுபாய்ஸ் எதிர்வாதம் புரிந்தார். 1902இல் அந்நகரிலேயே கறுப்பின மாணவர்க்கென ஆம்ஸ்ட்ராங் கைத்தொழிற் பள்ளி திறக்கப்பட்டது. தொழிற்கல்வி இழிவானதன்று. ஆயின், இன்ன நிறத்தார்க்கு இதுவே போதும் என்று பிறர் வரையறுக்கும்போது, அது கல்வி என்னும் நிலை மாறி வேலியாகிவிடுகிறது.

கூப்பர் அம்மையார்

அவ்வேலியை ஏற்க மறுத்தவர் அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார். 1858இல் வட கரோலினாவில் ஓர் அடிமைத் தாயின் மகளாய்ப் பிறந்தவர் அவர். 1884இல் ஓபர்லினில் பட்டம் பெற்று, 1887இல் இப்பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். 1902இல் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் இப்பள்ளி மாணவர்கள் ஹார்வர்டு, யேல், பிரவுன் முதலிய உயர்கல்வி நிலையங்களில் இடம் பெற்றனர். கறுப்பின மாணவர்க்குத் தாழ்ந்த பாடத்திட்டமே ஏற்றது என்ற கருத்துக்கு அவர் இணங்கவில்லை. 1905இல் நகரக் கல்விக் குழு அவர்மீது விசாரணை நடத்திற்று. 1906இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படாமல் பறிபோயிற்று.

அம்மையார் மனம் தளரவில்லை. மிசௌரி மாநிலத்தில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1910இல் அதே பள்ளிக்கு இலத்தீன் ஆசிரியையாகத் திரும்பி வந்தார். தாம் தலைமை வகித்த இடத்திலேயே வகுப்பாசிரியையாய் அமர்ந்து பணிபுரிய எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! உறவினரின் பிள்ளைகள் ஐவரை வளர்த்துக்கொண்டே ஆய்வும் செய்து, 1925இல் பாரிஸின் சார்போனில் முனைவர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்து பிரான்சு கொண்டிருந்த நிலைப்பாடே அவர் ஆய்ந்த பொருள். 1964இல், தம் 105ஆம் வயதில் மறைந்தார்.

அடைபட்ட கதவும் அதன் விளைவும்

இப்பள்ளியில் முனைவர்கள் பலர் பாடம் நடத்தினர். ஹார்வர்டில் 1912இல் முனைவரான வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் இங்கே மொழியும் வரலாறும் கற்பித்தவர். நாவலாசிரியை ஜெஸ்ஸி ஃபாசெட் பிரெஞ்சும் இலத்தீனும் கற்பித்தார். 1921இல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணிகள் மூவர். அம்மூவரும் இப்பள்ளியோடு மாணவியராகவோ ஆசிரியைகளாகவோ தொடர்புடையவர்களே.

இத்தகைய பேரறிஞர்கள் உயர்நிலைப்பள்ளி வகுப்பில் நின்றது எதனால்? வெள்ளையர்களின் பல்கலைக்கழகங்கள் அவர்களை ஆசிரியராக ஏற்கவில்லை என்பதே உண்மை. தலைநகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்க்கும் வெள்ளையர்க்கு நிகரான ஊதியம் கிடைத்தது மற்றொரு காரணம். நாட்டின் அநீதி அப்பள்ளியின் பிள்ளைகளுக்கு ஆசானை அனுப்பி வைத்தது. தம் மக்களை இப்பள்ளியில் சேர்ப்பதற்காகவே வேற்றூர்களிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரும் இருந்தனர்.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அமெரிக்கத் தரைப்படையில் 1940இல் தளபதி நிலைக்கு உயர்ந்த முதல் கறுப்பினத்தவரான பெஞ்சமின் டேவிஸ் இங்குப் பயின்றவர். பிளாஸ்மா எனப்படும் குருதிநீரைச் சேமித்து 1940இல் பிரிட்டனுக்கு அனுப்பும் பணியை நெறிப்படுத்திய மருத்துவர் சார்லஸ் டுரூ, 1937இல் முதல் கறுப்பினக் கூட்டரசு நீதிபதியான வில்லியம் ஹேஸ்டி, 1966இல் முதல் கறுப்பின அமைச்சரான ராபர்ட் வீவர், 1967 முதல் 1979 வரை செனட் உறுப்பினராய் விளங்கிய எட்வர்டு புரூக் ஆகியோர் அனைவரும் இப்பள்ளியின் மாணவர்களே. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியான யூஃபீமியா ஹெய்ன்ஸ் அம்மையார் இங்கே 1907இல் தேறியவர்.

குறையும் உண்டு

புகழை மட்டுமே சொல்லிச் செல்வது வரலாறாகாது. வசதியும் வெளிர்நிறமும் வாய்ந்த குடும்பத்துப் பிள்ளைகளே இப்பள்ளியில் மதிப்புப் பெற்றனர் என்னும் குறை கறுப்பின மக்களிடையேயே நெடுங்காலம் பேசப்பட்டது. ஒதுக்கப்பட்டோர் தமக்குள்ளே மீண்டும் ஒரு வரிசை அமைத்துக்கொள்வது எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் நோய்தான். இப்பள்ளியில் இடம் பெறாத பிள்ளைகள், நெரிசல் மிகுந்த பள்ளிகளில் இரு நேர முறையில் பயின்று அல்லலுற்றனர்.

அவ்வல்லலுக்கு எதிராகக் குரல் எழுப்பியவர் முடிதிருத்தும் தொழில் நடத்திய கார்ட்னர் பிஷப் என்பவர். 1947இல் அவர் பெற்றோரைத் திரட்டினார். அவர்களுக்குத் துணைநின்றவர் சார்லஸ் ஹூஸ்டன் என்னும் வழக்கறிஞர். 1911இல் எம் தெருப் பள்ளியில் தேறியவர் அவர். நிறவேற்றுமைச் சட்டங்களை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாகத் தகர்க்கும் திட்டத்தை வகுத்தவரும் அவரே. எளிய பெற்றோரும் கற்றறிந்த வழக்கறிஞரும் இணைந்த இவ்விணைப்பே வெற்றிக்கு வித்தாயிற்று. ஹூஸ்டன் 1950இல் மறைந்தார். தாம் விட்ட பணியை ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தார். 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், தலைநகரப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெற்றிக்குப் பின்

அத்தீர்ப்பு அறத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும் அதன்பின் டன்பார் பள்ளியின் பழைய நிலை மாறிற்று. நகர் முழுவதிலிருந்தும் மாணவரை ஈர்த்துவந்த பள்ளி, தன் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. முனைவர்களுக்குப் பிற வாயில்கள் திறந்தன. மூத்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றனர். வறுமை மிகுந்த வட்டாரத்துப் பள்ளிக்கு முன்னிலும் மிகுந்த பொருளும் கவனமும் தேவைப்பட்ட காலத்தில், அவை வந்து சேரவில்லை.

1956 முதல் நகர உயர்நிலைப்பள்ளிகளில் மாணவரைத் திறன் அடிப்படையில் பிரித்து வெவ்வேறு பாடத்திட்டங்களில் அடைக்கும் முறை புகுத்தப்பட்டது. கீழ்ப்பிரிவில் விழுந்த பிள்ளை மேலெழுவது அரிதாயிற்று. அப்பிரிவில் மிகுந்திருந்தவர் வறிய கறுப்பினப் பிள்ளைகளே. நிறத்தின் பெயரால் மூடப்பட்டிருந்த கதவு திறனின் பெயரால் மூடப்பட்டது. அதனை எதிர்த்தவர்களுள் முன்னின்றவர், அப்போது நகரக் கல்விக் குழுவின் தலைவராயிருந்த அதே ஹெய்ன்ஸ் அம்மையார். 1967இல் நீதிமன்றம் அம்முறையை நீக்கியது. அறுபதாண்டுகளுக்கு முன் கூப்பர் அம்மையார் எழுப்பிய வினாவுக்கு அவர் பணியாற்றிய பள்ளியின் மாணவி ஒருவர் முயன்று விடை தேடித் தந்தார் எனலாம்.

1916ஆம் ஆண்டுக் கட்டடம் பழைய மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி 1977இல் இடிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக எழுந்த கட்டடமும் நிலைக்கவில்லை. 2013இல் மூன்றாவது கட்டடம் திறக்கப்பட்டது. அதன் தளத்தில் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பெயர்கள் பொறித்த தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இனி வரப்போகும் மாணவர்களுக்காகப் பெயர் பொறிக்காத தகடுகளும் உடன் பதிக்கப்பட்டுள்ளன.

இவ்வரலாறு பெற்றோராகிய நமக்கு உணர்த்துவது யாது? ஒரு பள்ளியின் சிறப்பு அதன் சுவர்களில் இல்லை என்பதை நிலவறையில் தொடங்கிய இக்கல்விக்கூடம் காட்டுகிறது. நல்லாசிரியர் கிடைத்தால் மட்டும் போதாது, அவர்களை நிலைத்திருக்கச் செய்யும் பொறுப்பும் சமுதாயத்திற்கு உண்டு என்பதை அதன் பிற்காலம் காட்டுகிறது. நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, ஊர்தி வருமா என்றெல்லாம் நாம் கேட்கிறோம். எந்தப் பாடங்கள் உண்டு, எவை இல்லை, இல்லாதவற்றால் எந்தக் கல்லூரியின் வாயில் நம் பிள்ளைக்கு அடைபடும் என்றும் கேட்போமாக. “உங்கள் பிள்ளைக்கு இது போதும்” என்று எவரேனும் சொன்னால், போதும் என்று முடிவு செய்தவர் யார் என்பதையும் கேட்போமாக.