முக்காடும் மூன்று புள்ளிக் கோடும்



போன வாரம் குருக்கள்மடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள்: "டீச்சர், சனிக்கிழமை எங்களோட பாஸ்கட்போல் விளையாட உங்கட மகளையும் கூட்டி வாங்களன்." மகளுக்கும் ஆசைதான். "ஸ்கார்ஃப் போட்டால் சட்டம் விடாது" என்று முன்பு நானே அவளிடம் சொல்லித் தட்டிக்கழித்திருந்தேன். இப்போது தேடிப் படித்தேன். நான் சொன்னது பிழை.

1891இல் நைஸ்மித் என்ற ஆசிரியர் 13 விதிகளோடு தொடங்கிய ஆட்டம் இது. அதன்பின் பல விதிகளைப் பரீட்சித்துப் பார்த்த இடம் அமெரிக்கக் கல்லூரிகள். முன்பு ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவில் மேலே எறிந்துதான் திரும்பத் தொடங்குவார்கள். நெட்டையான ஆள் உள்ள அணிக்கே பந்து கிடைக்கும். 1937இல் அதைக் கைவிட்டார்கள். 1945 பெப்ரவரியில் கொலம்பியா, ஃபோர்டாம் அணிகள் ஒரேயொரு மெச்சில், 21 அடிக்கு அப்பாலிருந்து போட்டால் 3 புள்ளி என்று ஆடிப் பார்த்தன. அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் 3 புள்ளி விதி வர 1986 ஆனது.

எல்லா மாற்றமும் நல்லதாக அமையவில்லை. 1967இல் பந்தைக் கூடைக்குள் மேலிருந்து அமுக்கிப் போடும் 'டங்க்'கைத் தடை செய்தார்கள். 7 அடி உயரமான ஒரு மாணவரை மடக்கத்தான் அந்தத் தடை என்று பலரும் பேசினார்கள். அவரோ தலைக்கு மேலால் வளைத்து எறியும் 'ஸ்கைஹூக்'கைத் தன் ஆயுதமாக்கி, அடுத்த இரண்டு வருடமும் தன் அணியைச் சம்பியனாக்கினார். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய கரீம் அப்துல் ஜப்பார் அவர்தான். தடை 1976இல் நீங்கியது.

இனி முக்காட்டின் கதை. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் பில்கிஸ் அப்துல் காதிர். கல்லூரி அவரை ஆடவிட்டது. ஆனால் வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடச் சர்வதேசச் சம்மேளனமான ஃபிபாவின் விதி விடவில்லை. தலையில் எதையும் அணிந்தால் காயம் வரலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2014 ஆசிய விளையாட்டில் கட்டார் பெண்கள் முக்காட்டைக் கழற்ற மறுத்து, மொங்கோலியாவுடனான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார்கள். அதே மாதம் ஃபிபா, நாடுகளுக்குள் நடக்கும் போட்டிகளில் இரண்டு வருடம் அனுமதித்துப் பார்ப்போம் என்றது. அந்தப் பரீட்சைக்குப் பிறகு 2017 ஒக்டோபர் 1 முதல் தடை முழுதாக நீங்கியது.

மட்டக்களப்புக்குக் கூடைப்பந்து புதிதல்ல. புனித மைக்கேல் கல்லூரியில் பாதர் ஹேபர்ட் பழக்கிய பிள்ளைகள் இன்று நம்மிடையே பெரியவர்களாக இருக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகளுக்குச் சட்டமும் வழிவிட்டுவிட்டது. சட்டத்தைச் சாட்டி வீட்டில் மறிப்பது நாம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பிள்ளைகளே. அவளுக்கும் ஒரு இடம் வையுங்கள்.